தென்னாப்பிரிக்காவில் ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) – டர்பன் காரில்: என் 3 (N3) நெடுஞ்சாலை எப்படி, எந்தக் கரையில் தங்குவது?

மிட்ராண்ட்வாசி:

வணக்கம். ஜூலை நடுவுல, பள்ளி விடுமுறை நேரத்துல, ஜோபர்க் பக்கத்துல இருக்கிற மிட்ராண்டிலிருந்து டர்பனுக்குக் கார்ல போறதா இருக்கோம். ஐந்து இரவு தங்கல். வண்டி 1.4 லிட்டர் போலோ விவோ, மேனுவல் கியர். நானும் மனைவியும், எட்டு வயசு மகள், மதுரையிலிருந்து வந்திருக்கிற அப்பா அம்மா. அப்பாவுக்கு முழங்கால் வலி. தொடர்ந்து உட்காரவும் முடியாது, படி ஏறவும் முடியாது. ரெண்டு பேரும் சுத்த சைவம்.

கூகுள் ஆறு மணி நேரம்னு காட்டுது, நம்பலாமா? வழியில எங்க நிறுத்தலாம்? டோல் எவ்வளவு ஆகும்? டர்பனுக்கு வடக்கே உம்ஷ்லாங்கா பக்கம் அறை எடுக்கிறதா, தெற்குக் கரைக்கு இறங்கிப் போறதா? பொண்ணுக்குக் கடல்ல குளிக்கணும். அம்மாவுக்கு அங்க இருக்கிற பழைய தமிழ்க் கோயிலைப் பார்க்கணும். ஊர் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மலைப்பாதை:

ஆறு மணி நேரம் என்பது எங்கும் நிற்காமல், லாரி எதுவும் குறுக்கே வராமல் ஓட்டினால் வரும் கணக்கு. ஜோபர்க்கிலிருந்து டர்பன் ஏறக்குறைய 570 கிமீ, மிட்ராண்டிலிருந்து உம்ஷ்லாங்கா என்றால் 600. பெரியவர்களோடு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் டர்பனில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கடைசி 80 கிமீதான் நெரிசல் மிகுந்தது, அதை இருட்டில் ஓட்டும்படி வைத்துக்கொள்ள வேண்டாம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வில்லியர்ஸ் தாண்டும்போது விடிந்திருக்கும், மதியம் இரண்டு மணிக்குள் இறங்கிவிடலாம். விடுமுறை தொடங்கும் வெள்ளியன்று கிளம்பவே கிளம்பாதீர்கள். செவ்வாயோ புதனோ உத்தமம்.

டோல் கேட் வரிசையாக ஐந்து: டீ ஹூக், வில்ஹே, துகேலா, மூய், கடைசியில் மரியான்ஹில். சிறிய காருக்கு ஒரு வழிக்கு மொத்தம் 300 ரேண்டுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு மார்ச்சிலும் கட்டணம் ஏறுவதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இங்குள்ள வங்கி அட்டை எல்லா இடத்திலும் செல்லும். அப்பாவின் இந்திய அட்டையை நம்பி வரிசையில் போய் நிற்காதீர்கள், கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

பாதையை மூன்று துண்டாகப் பார்க்கலாம். ஹைடல்பர்க் முதல் ஹாரிஸ்மித் வரை தட்டை நிலம், நேர்கோட்டுச் சாலை. இங்கே தூக்கம்தான் எதிரி. குளிர்காலத்தில் காய்ந்த புல்வெளி தீப்பிடித்துச் சாலைக்குக் குறுக்கே புகை வரும். முன்னால் வெண்புகை தெரிந்தால் அதற்குள் நுழைந்துவிட்டு வேகத்தைக் குறைப்பது ஆபத்து. நுழையும் முன்பே குறைத்து, ஹெட்லைட் போட்டு, முன்வண்டியின் பின்விளக்கு தெரியும் தூரத்தில் போக வேண்டும். உள்ளே ஒன்றுமே தெரியாது போலிருந்தால் நுழையாமல் முன்பே ஒதுங்கி நிற்பது மேல்.

ஹாரிஸ்மித் ஏறக்குறைய பாதி வழி. பெட்ரோல் பங்குகள், கழிப்பறை, கடைகள் எல்லாம் ஒரே இடத்தில். அப்பாவுக்கு இங்கே அரை மணி நேர நடை கட்டாயம் வையுங்கள். அதற்கு முன் வில்லியர்ஸ் பக்கம் ஒரு முறை, பின்பு மூய் ரிவர் அல்லது ஹோவிக் பக்கம் ஒரு முறை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடந்தால் முழங்கால் தாங்கும். பங்கில் இறங்கும்போது ரிமோட்டை அமுக்கினால் மட்டும் போதாது, கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். ரிமோட் சிக்னலைத் தடுத்துக் கதவைப் பூட்டவிடாமல் செய்து பையை எடுத்துப் போகிறவர்கள் நெடுஞ்சாலைப் பங்குகளில்தான் அதிகம்.

இரண்டாவது துண்டு வான் ரீனன் கணவாய். ஃப்ரீ ஸ்டேட் மேட்டிலிருந்து நட்டாலுக்கு இறங்கும் இடம். லாரிகள் இடது ஓரம் ஊர்ந்துகொண்டிருக்கும், திடீரென ஒன்று மற்றொன்றை முந்த வலப்பக்கம் வரும். அதன் வேகம் 30, உங்கள் வேகம் 110. முன்னால் இரண்டு லாரிகள் நெருக்கமாகத் தெரிந்தாலே காலை எடுங்கள். இறக்கத்தில் மூன்றாவது கியரில் விட்டு எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்துங்கள். ஐந்தாவது கியரில் பிரேக்கை அமுக்கிக்கொண்டே ஐந்து பேர் சுமையோடு இறங்கினால் பாதியில் கருகல் வாசனை வரும், அதன் பிறகு பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. மூடுபனி இருந்தால் டிப் லைட்டும் பின்பக்கப் பனிவிளக்கும் போதும். ஓடும்போது நான்கு பக்க இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு போகும் பழக்கம் வேண்டாம், நீங்கள் நிற்கிறீர்களா ஓடுகிறீர்களா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

பனி விழுந்தால் கணவாயை மூடிவிடுவார்கள். 2024 செப்டம்பரில் வாகனங்கள் இரவெல்லாம் அங்கே சிக்கிக் கிடந்தன, ஆகவே ஜூலைக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். முதல் நாளே வானிலையையும் என் 3 சாலை நிலவரத்தையும் பாருங்கள். ஹாரிஸ்மித்திலிருந்து ஆர் 74 வழியாக ஸ்டெர்க்ஃபொன்டைன் அணைக்கட்டு, ஒலிவியர்ஸ்ஹூக் கணவாய், பெர்க்வில் என்று இறங்கும் மாற்றுப் பாதை உண்டு. டிராக்கன்ஸ்பெர்க் மலை முழுதும் கண்ணுக்குத் தெரியும், அழகான சாலை. ஆனால் பனி அங்கும் விழும், பகலில் மட்டுமே போக வேண்டும். லாரி விபத்தால் என் 3 அடைபட்டால் அது பயன்படும். பனியால் அடைபட்டால் ஒரு நாள் தள்ளிப் போடுவதுதான் வழி.

மூன்றாவது துண்டு ஹோவிக் முதல் டர்பன் வரை. ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு இறங்கும் டவுன் ஹில், பிறகு கீ ரிட்ஜ், இரண்டும் செங்குத்து, இரண்டிலும் லாரி பிரேக் பழுதாகும் விபத்துகள் வழக்கம். இதோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் – டர்பன் இடையே சாலையை அகலப்படுத்தும் வேலை வருடக்கணக்கில் நடக்கிறது. ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஹில்கிரெஸ்ட் பக்கம் எம் 13-இல் பிரிந்து க்ளூஃப் வழியாக இறங்கினால் மரியான்ஹில் டோலும் மிச்சம், ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பெரிய லாரிகளின் தொல்லையும் இல்லை.

வழியில் பார்க்க மூன்றே இடம் சொல்வேன். வான் ரீனன் ஊரில் எட்டுப் பேர் மட்டுமே உட்காரக்கூடிய குட்டித் தேவாலயம், ஐந்து நிமிடம் போதும். ஹோவிக்கில் 95 மீட்டர் அருவி, காரை விட்டு இறங்கியதும் காட்சிமேடை, அப்பாவுக்குச் சிரமமில்லை. ஹோவிக் பக்கத்திலேயே ஆர் 103-இல் 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலா கைதான இடம். அங்கே 50 எஃகுத் தூண்கள் நிற்கின்றன. பக்கத்தில் போனால் வெறும் கம்பிகள். 35 மீட்டர் தள்ளி, குறிப்பிட்ட இடத்தில் நின்றால் அவரது முகமாகச் சேரும். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம், ஒன்றைப் போகும்போதும் ஒன்றைத் திரும்பும்போதும் வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்குக்கரை:

உம்ஷ்லாங்கா என்றால் ஷாப்பிங் மாலும் அடுக்குமாடியும்தான். அதற்கு ஜோபர்க்கிலேயே இருக்கலாமே! டர்பனில் ஒரு இரவு மட்டும் தங்கி, மீதி நாலு இரவுக்குத் தெற்கே இறங்குங்கள். ஸ்காட்பர்க் டர்பனிலிருந்து சுமார் 60 கிமீ, போர்ட் ஷெப்ஸ்டோன் 120. அறை வாடகையும் குறைவு, கூட்டமும் குறைவு. உவோங்கோவில் 23 மீட்டர் அருவி நேரே காயலில் விழுகிறது, காயலைத் தாண்டினால் கடல். போர்ட் ஷெப்ஸ்டோனிலிருந்து உள்ளே அரை மணி நேரம் போனால் ஒரிபி பள்ளத்தாக்கு. காட்சிமுனை பலவற்றுக்குக் கார் போகும், அப்பா படி ஏற வேண்டியதில்லை. ஹிபர்டீன் தாண்டி என் 2-இல் ஒரு டோல் உண்டு. அவசரமில்லை என்றால் பழைய ஆர் 102-இல் கடலோரமாகவே போகலாம்.

அலைக்கணக்கு:

தெற்குக் கரை நல்ல இடம், மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் சொன்ன மாதம் ஜூலை, கேட்டது குழந்தைக்குக் கடல் குளியல். இந்த இரண்டும் சேரும்போது தெற்குக் கரை சூதாட்டம்.

ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும். அதன் பின்னால் டால்பின், சுறா, கடற்பறவை எல்லாம் வரும். இந்தக் கரை நெடுக சுறாத் தடுப்பு வலைகள் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் சுமார் 214 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம், கரையிலிருந்து 400 மீட்டர் தள்ளி இரண்டு வரிசையாக நிற்கும். மத்தி வரும்போது வலையை விட்டுவைத்தால் சுறாவும் டால்பினும் கூட்டம் கூட்டமாகச் சிக்கிச் சாகும் என்பதால் முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். வலை இல்லாத கடற்கரையில் குளிக்கத் தடைப் பலகை வந்துவிடும். மத்தி தெற்கிலிருந்து வருவதால் தெற்குக் கரையில்தான் முதலில் எடுப்பார்கள், பெரும்பாலும் நீண்ட நாள் எடுத்தே வைத்திருப்பார்கள். நாலு இரவு வாடகை கட்டிவிட்டு மகளை மணலில் மட்டும் விளையாட விட வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வலை வேலி இல்லை. கரையை முழுதும் அடைப்பதும் இல்லை, சுறா மேலேயும் பக்கவாட்டிலும் வரலாம். சுறாவின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் அதன் வேலை. அதனால் வலை இருக்கிறதே என்று கொடிகளுக்கு வெளியே, காவலர் இல்லாத நேரத்தில், ஆற்று முகத்துவாரத்தில், கலங்கிய நீரில் இறங்கக் கூடாது.

எந்தக் கரையில் தங்கினாலும் வழி ஒன்று உண்டு: கடலலைக் குளங்கள். பாறைமேல் சுவர் கட்டி, ஏற்றத்தின்போது கடல்நீர் உள்ளே வந்து நிரம்பும்படி செய்த குளம். உம்ஷ்லாங்காவுக்கு வடக்கே உம்ட்லோட்டியில் ஒன்று, பலிட்டோவில் தாம்சன்ஸ் பே குளம், தெற்கே ஸ்காட்பர்க்கில் ஒன்று. எட்டு வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் நேரம் தப்பினால் இதுவும் ஆபத்து. ஏற்றத்தின் உச்சியில் அலை சுவரைத் தாண்டி வந்து விழும், திரும்பும்போது குழந்தையைச் சுவர்மேல் இழுத்துப்போகும். வற்றத்துக்கு (கடல் உள்வாங்கும் நேரத்துக்கு) முன்னும் பின்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான் சரியான பொழுது.

நேரத்தைக் கண்டுபிடிக்க வீட்டுத் தினசரிக் காலண்டரே போதும். இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலை ஒன்பது, பத்து மணிக்குக் கடல் நன்றாக வற்றும், மாலை மூன்று, நாலு மணிக்கு முழு ஏற்றம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் தலைகீழ்: காலையில் ஏற்றம், பிற்பகல் வற்றம். இடைப்பட்ட நாட்களில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமிக்குத்தான் வற்றமும் அதிகம், ஏற்றமும் அதிகம். ஆக, அந்த ஐந்து நாளும் எந்தத் திதியை ஒட்டி விழுகின்றன என்று பாருங்கள். பௌர்ணமி பக்கம் என்றால் காலையைக் கடலுக்கும் மாலையை ஊருக்கும் வையுங்கள். அஷ்டமி பக்கம் என்றால் மாற்றிப் போடுங்கள். துல்லியமான நிமிடத்துக்கு டர்பன் துறைமுக அட்டவணையை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

குளத்துக்குள் இறங்கும்போது ரப்பர் செருப்பு கட்டாயம். பாசி வழுக்கும், பாறை இடுக்கில் கடல் முள்ளெலி இருக்கும்.

திறந்த கடலில் என்றால் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும். உம்ஷ்லாங்கா கரை சரிவானது, அலை கரையிலேயே உடையும். பெரியவர்களே நிலைதடுமாறுவார்கள், குழந்தைக்கு முழங்கால் அளவுக்கு மேல் வேண்டாம். டர்பன் ஊருக்குள் நார்த் பீச், சவுத் பீச் இரண்டும் அதைவிடச் சாந்தம். கடல்நீர் ஜூலையிலும் 20 டிகிரி இருக்கும். காலையில் காற்று அடங்கியிருக்கும், பத்து, பதினொன்றுக்கு மேல் வடகிழக்குக் காற்று எழுந்து நீரைக் கலக்கும். மழை பெய்த இரண்டு மூன்று நாளைக்கு உம்கெனி ஆற்று முகத்துவாரத்தின் பக்கமே போகாதீர்கள், ஊர்க் கழிவெல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

தெற்குக்கரை:

வலை விஷயம் சரிதான், அதை விட்டுவிட்டேன். ஆனால் மத்தி வரும் நாளில் கரைவலை இழுப்பதைப் பார்ப்பதும் ஒரு காட்சி இல்லையா? படகில் வலையைச் சுற்றிவந்து, கரையில் ஐம்பது அறுபது பேர் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். வலை கரையேறியதும் பெட்டி பெட்டியாக அங்கேயே விற்பனை. மதுரைக்காரர்களுக்கு அது கடலை விடப் பிடிக்கலாம். சைவம் என்றால் தூரத்திலிருந்து பார்க்கட்டும்.

சரி, ஒரு சமாதானம்: உம்ஷ்லாங்காவில் தங்கி ஒரு நாள் மட்டும் தெற்கே வந்து போங்கள். ஸ்காட்பர்க் வரை மட்டும். உவோங்கோவும் ஒரிபியும் போய்வர ஒரே நாளில் முடியாது, அப்பாவின் முழங்கால் சும்மா விடாது.

கரும்புத்தோட்டம்:

நான் டர்பன் பக்கத்தவன். ஊருக்குள்ளும் கோயிலுக்கும் மட்டும் சொல்கிறேன், கடலை மேலே நன்றாகவே சொல்லிவிட்டார்கள்.

உம்ஷ்லாங்கா சரியான தேர்வு. காரணம் கடலுக்காக மட்டும் இல்லை. மவுண்ட் எட்ஜ்கோம்ப் பத்து நிமிடம், டர்பன் ஊர் இருபது நிமிடம், உம்ட்லோட்டி குளம் கால் மணி நேரம், பலிட்டோ அரை மணி நேரம். என் 3-இலிருந்து வரும்போது ஸ்பகெட்டி ஜங்ஷனில் என் 2 வடக்கே பிடியுங்கள், ஊருக்குள் போக வேண்டியதே இல்லை. அறை எடுக்கும்போது ஒன்று கேளுங்கள்: ஜோஜோ டேங்க் (தண்ணீர்த் தொட்டி) இருக்கிறதா? வடக்குப் பகுதியில் குழாய்த் தண்ணீர் நிற்பது சகஜம். டேங்கும் மோட்டாரும் இருந்தால் கவலை இல்லை. லிஃப்ட் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பால்கனிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். குரங்குகள் ஆள் இல்லாத அறையைப் பார்த்தே வரும். வாழைப்பழம், ரொட்டி, மாத்திரைப் பை எதையும் விடாது. அப்பாவின் மாத்திரையை அலமாரிக்குள் வையுங்கள்.

கோயில்கள். இங்குள்ள தமிழர்களின் முன்னோர் 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். முதல் கப்பலில் 342 பேர். அவர்கள் கட்டிய கோயில்கள்தான் நீங்கள் பார்க்கப்போகிறவை. சிற்பியும் ஸ்தபதியும் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். கோபுரத்தின் வடிவம் தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் போலவே இருக்கும், பொருள் செங்கல்லும் சுதையும். அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், மதுரையோடு ஒப்பிட்டால் எல்லாம் சிறியதாகத் தெரியும்.

முதலில் உம்கெனி ரோட்டில் ஸ்ரீ வைத்தியநாத ஈஸ்வரர் ஆலயம். 1880-களில் தொடங்கியது, ஒரே வளாகத்துக்குள் பல சன்னிதிகள், எல்லாம் சமதளத்தில். அடுத்தது கேட்டோ மேனரில் ஸ்ரீ அம்பலவாணர் ஆலயம். ஊரார் செகண்ட் ரிவர் கோயில் என்பார்கள். 1875-இல் உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டியதை 1905 வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இப்போது இருப்பது 1947-இல் எழுந்தது. பழைய கோயிலிலிருந்து மீட்ட மரக்கதவுகளை இதில் பொருத்தியிருக்கிறார்கள். வாசலில் நின்று அந்தக் கதவின் செதுக்கலை மட்டுமாவது பாருங்கள். தீமிதி ஈஸ்டரை ஒட்டித்தான், ஜூலையில் கிடையாது. மூன்றாவது, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலும் பக்கத்திலேயே விநாயகர் கோயிலும். உம்ஷ்லாங்காவிலிருந்து மிக அருகில், தினமும் காலை போய்வரலாம்.

நீங்கள் இருக்கும்போது ஆடி பிறந்துவிட்டால் அதிர்ஷ்டம். ஆடி ஞாயிறுகளில் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்ப்பு நடக்கும். வெளியூர்க்காரர் என்று யாரும் பார்க்க மாட்டார்கள், உட்காரவைத்து ஊற்றுவார்கள். பூசை தமிழில் இருக்கும், பேச்சு ஆங்கிலத்தில் இருக்கும். பெரியவர்களிடம் அம்மா மெதுவாகத் தமிழ் பேசினால் ஒரு கூட்டமே சேர்ந்துவிடும். காலையில் பத்து மணிக்குள் போவது நல்லது, மதியம் பல கோயில்களில் நடை சாத்தியிருக்கும்.

சாப்பாடு. வழிக்குக் கட்டுச்சோறு கொண்டுவாருங்கள். புளியோதரையும் தயிர்சாதமும் போதும், நெடுஞ்சாலைக் கடைகளில் சைவத்துக்கு உருளை வறுவலும் சீஸ் டோஸ்ட்டும்தான். ஊருக்குள் கவலை இல்லை. சாட்ஸ்வொர்த்தில் 1985-இல் திறந்த ராதா ராதாநாத் கோயில் வளாகத்திலேயே சைவ உணவகம் உண்டு. டர்பனின் ரொட்டிக் குழம்பான பன்னி சாவ் சாப்பிடாமல் போக முடியாதே! பெரியவர்களுக்கு பீன்ஸ் பன்னி கேளுங்கள், கால் ரொட்டி ஒருவருக்கு ஏராளம். வெள்ளை ரொட்டியைக் குடைந்து அதற்குள் குழம்பை ஊற்றி, குடைந்தெடுத்த துண்டை மேலே மூடித் தருவார்கள். அந்த மூடியை எடுத்துக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே மேலிருந்து கீழே இறங்க வேண்டும். பக்கச் சுவரை முதலில் பிய்த்தால் குழம்பு மடியில்தான். கூடவே காரட், வெங்காயம், பச்சைமிளகாய் வினிகர் போட்ட சாலட் வரும். காரம் நம்மூரைவிடக் கூடுதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்கு மைல்ட் என்று சொல்லி வாங்கவும். கட்டிக்கொண்டு போய் அறையில் சாப்பிட நினைக்காதீர்கள். கால் மணி நேரத்தில் அடி ஊறி உடைந்துவிடும். அசைவக் கரண்டியையே பீன்ஸில் போடும் கடைகளும் உண்டு, தனிச் சைவக் கடையாகப் பார்த்துப் போங்கள்.

ஊரைச் சுற்ற ஒரு முழு நாள் போதும். விடிந்ததும் கடற்கரை நடைபாதை: தெற்கே உஷாகாவிலிருந்து வடக்கே உம்கெனி முகத்துவாரம் வரை 8 கிமீ தட்டையான பாதை, அப்பாவுக்குச் சக்கர நாற்காலி என்றாலும் சுலபம். மகளுக்கு உஷாகா மீன்காட்சியகம், பழைய சரக்குக் கப்பல் வடிவில் கட்டியது. நண்பகல் வெயிலுக்குத் தாவரவியல் பூங்கா. 1849-இல் தொடங்கியது, ஆப்பிரிக்காவில் இன்றும் இருப்பவற்றில் மிகப் பழையது, நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே வுட் சைக்காட் என்ற, பார்க்கப் பனை போலிருக்கும் மரத்தைத் தேடிப் பாருங்கள். 1895-இல் காட்டில் ஒரே ஒரு ஆண்மரம்தான் கிடைத்தது, பெண்மரம் இன்றுவரை அகப்படவில்லை. உலகெங்கும் உள்ளவை எல்லாம் அதன் கன்றுகள்.

விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டுக்கு மசாலா வாங்கப் போனால் காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் இடையில் போங்கள். கழுத்துச் சங்கிலியும் கைப்பையும் வேண்டாம், போன் பைக்குள். கடற்கரை நடைபாதை காலையில் பத்திரம், இருட்டிய பின் அதன் பின்புறத் தெருக்களில் நடக்க வேண்டாம்.

மிட்ராண்ட்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உம்ஷ்லாங்கான்னே முடிவு பண்ணிட்டோம், ஒரு நாள் ஸ்காட்பர்க். காலண்டர் பார்த்தேன், நடுவுல பௌர்ணமி வருது, அதனால காலையில குளம், மாலையில ஊர். இன்னும் ரெண்டு கேள்வி. என் லைசென்ஸ் தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டு, போலீஸ் மறிச்சா செல்லுமா? சுமார் 1,600 மீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்குறதால காருக்கு ஏதாவது செய்யணுமா?

மலைப்பாதை:

லைசென்ஸ் ஆங்கிலத்தில் அச்சாகி, படமும் கையெழுத்தும் இருந்தால் செல்லும். சில கார்டுகளில் கையெழுத்து தெளிவாக இருக்காது, அப்போது வாக்குவாதம் வரும். இந்தியாவில் எடுத்த சர்வதேச அனுமதியையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. விசா வகையைப் பொறுத்து விதி மாறும், நிரந்தர வதிவுரிமை உள்ளவர்கள் உள்ளூர் லைசென்ஸுக்கு மாற்ற வேண்டும். பாஸ்போர்ட் நகலும் வண்டியில் இருக்கட்டும்.

காருக்கு இரண்டு விஷயம். ஒன்று டயர். ஜோபர்க்கில் காற்றழுத்தம் ஏறக்குறைய 0.83 பார், கடல்மட்டத்தில் 1.01. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. ஜோபர்க்கில் 2.2 பார் அடித்த டயர் டர்பனில் அதே வெப்பத்தில் 2.0 தான் காட்டும். குளிர்காலத்தில் டர்பன் வெதுவெதுப்பு என்பதால் அதில் பாதி ஈடாகிவிடும். ஆனாலும் ஐந்து பேர் சுமைக்கு எவ்வளவு என்று பெட்ரோல் மூடியின் உட்புறமோ கதவு ஓரத்திலோ ஒட்டியிருக்கும், அந்த அளவுக்கு அடித்துக் கிளம்புங்கள். இறங்கிய மறுநாள் காலை, டயர் குளிர்ந்திருக்கும்போது மறுபடி பாருங்கள். ஊர் திரும்பியதும் கூடியிருக்கும், இறக்கிவிடுங்கள்.

இரண்டாவது பெட்ரோல். மேட்டில் 93 ஆக்டேன் பெட்ரோலே போதும், கடற்கரையில் காற்று அடர்த்தி கூடுவதால் அதே எஞ்சின் தட்டத் தொடங்கும் (நாக்கிங்). ஹாரிஸ்மித்தில் நிரப்பும்போதே 95 போடுங்கள். கடற்கரையில் லிட்டருக்கு ஏறக்குறைய 80 சென்ட் விலை குறைவு, அதனால் ஹாரிஸ்மித்தில் முழுதாக நிரப்பாமல் டர்பன் வந்து சேரும் அளவுக்கு மட்டும் போடுங்கள். திரும்பும்போது டர்பனில் வாயளவு நிரப்பிக் கிளம்புங்கள். விலை மாறுவது மாதத்தின் முதல் புதன்கிழமை.

திரும்பும்போது எஞ்சினுக்குத்தான் வேலை. டர்போ இல்லாத 1.4 எஞ்சின் நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு சதவீத சக்தியை இழக்கும். வான் ரீனன் ஏற்றத்தில் ஐந்தாவது கியரில் அடம்பிடிக்காமல் மூன்றாவதில் 80-இல் ஏறுங்கள், சூட்டு முள்ளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பிற்பகல் மேட்டுக்குத் திரும்பும் கூட்டம் மூய் ரிவரிலேயே தொடங்கிவிடும். சனிக்கிழமை காலையோ திங்கள் காலையோ கிளம்புங்கள்.

டர்பனைச் சுற்றியுள்ள என் 2, என் 3 இரண்டிலும் இரவில் பாலத்திலிருந்து கல் எறிவதும், சாலையில் கல் போட்டு டயரைக் கிழிப்பதும் நடக்கிறது. அப்படி டயர் போனால் அங்கேயே இறங்கிப் பார்க்காதீர்கள். ரிம் கெட்டாலும் பரவாயில்லை, மெதுவாக அடுத்த பங்கு அல்லது டோல் கேட் வரை ஓட்டிப்போய் நிறுத்துங்கள். மொபைலிலிருந்து அவசர எண் 112.

அலைக்கணக்கு:

பௌர்ணமி என்பதால் ஒரு எச்சரிக்கை. காலை வற்றம் அருமையாக இருக்கும், ஆனால் மாலை ஏற்றமும் அதே அளவு பெரிது. உம்ஷ்லாங்கா வேல்போன் பியர் மேலிருந்து திமிங்கிலம் பார்க்க மாலையில் போகலாம், ஜூன் முதல் நவம்பர் வரை கூன்முதுகுத் திமிங்கிலம் கரையோரம் போகும். படியில்லாத மேடை, அப்பாவுக்குச் சரி. ஆனால் அந்த நேரத்தில் மகளை மணலில் தனியே விடாதீர்கள். அலை கலங்கரைவிளக்கத்தின் அடிச்சுவர் வரை வரும்.

கரும்புத்தோட்டம்:

மசாலா வாங்கினால் ஒன்று. கடையில் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சூட்டில் ஒட்டித் தருவார்கள். உள்ளே காற்றோடு ஒட்டினால் கணவாய் ஏற ஏறப் பை உப்பி, ஹாரிஸ்மித் பக்கம் வரும்போது ஓரம் பிரிந்துவிடும். ஒட்டுவதற்கு முன் காற்றை அமுக்கி எடுக்கச் சொல்லுங்கள், பிறகு மூடியுள்ள டப்பாவில் போட்டு டிக்கியில் வையுங்கள். டர்பன் மிளகாய்த்தூள் சீட் துணியில் கொட்டினால் கறை போகாது.